வாளிப் பாடம்

மெத்தையை வீட்டு வகுப்பறைக்கு அவள் இழுத்து வரச் சொன்னதும் கணவன் கேட்ட ஒரே கேள்வி, "இது படுக்கறதுக்கா, சாத்தறதுக்கா?" என்பதுதான். சாத்தத்தான். ஜன்னலை மறைத்து மெத்தை, கதவை மறைத்து இரண்டாக மடித்த கம்பளி, மேஜை மேல் சத்தம் பட்டுத் தெறிக்காமலிருக்க ஒரு குளியல் துண்டு. கம்பளி நழுவாமலிருக்கத் துணி காயப்போடும் கிளிப்புகளை அவள் வாயில் கவ்விக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள். கிளிப்பைக் கவ்விய வாயோடு அவள் என்னவோ சொல்ல, அவனுக்கு ஒன்றும் விளங்காமல், அவனாகவே போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தான். அதைத்தான் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் ரெக்கார்டிங் என்றால் என்னென்ன செத்துப்போக வேண்டும் என்று அவனுக்கு மனப்பாடம்.

ஊரில் வாத்தியம் தொட்டவர்களில் பாதிப் பேர் வீட்டில் இதே மெத்தை வேலையை அவள் செய்திருக்கிறாள். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, கம்ப்யூட்டரில் பாட்டுப் பதியச் சொல்லித் தருகிற மவுஸ் டீச்சர் என்றால் தெரியும். கிடார்க்காரர், கீபோர்டுக்காரர், கல்யாண மேடைகளில் பாடுகிற அக்கா தங்கை, யாராக இருந்தாலும் முதல் வகுப்பு மவுஸ் பிடிப்பதுதான். ஒரு டிரம்பெட்காரர் மவுஸ் ஓடிவிடுமோ என்று இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். அவர்கூட இப்போது தன் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து, தானே ரெக்கார்டு செய்து, வெளிநாட்டுக்கு அனுப்பிக் காசு பார்க்கிறார். அவர் முதல் பாட்டை அனுப்பிவிட்டுப் போனில் கத்திய கத்தலில் டீச்சருக்கு அன்று முழுக்கக் காது அடைத்துக் கிடந்தது. இதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறோம் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் சொந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் சொல்லித் தரவில்லை. மாமியார் வயலின் வாசிப்பவர். பெரிய பெரிய வாத்தியக் குழுக்களில், எப்போதும் இரண்டாவது வரிசையில். முப்பது வயலின்கள் சேர்ந்து ஒரே வயலினாகக் கேட்க வேண்டும் என்பது அந்த வரிசையின் தர்மம். தனியாகத் தெரிந்துவிட்டால் அது தப்பு. அதைப் பிழையில்லாமல் செய்து தலை நரைத்தவர். டீச்சர் மருமகளாக வந்த புதிதில் ஆசையாசையாக, "அத்தை, உங்களுக்கும் கத்துத் தரட்டா?" என்று கேட்டாள். "அந்தப் பெட்டியை நான் தொட மாட்டேன்மா. நீ உன் வேலையைப் பாரு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அதற்கப்புறம் இவளும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பறைக்கும் மாமியார் அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைச் சுவர்தான். அந்தப்பக்கம் அவர் பாட்டுக்கு வாசிப்பார், இந்தப்பக்கம் இவள் பாட்டுக்குக் கத்துவாள்.

போன வருஷம் மாமியாருக்கு வலது தோள் பூட்டிக்கொண்டது. தலை வாரக் கை தூக்க முடியவில்லை, வில்லை எப்படித் தூக்குவது? மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, சுவரில் விரலால் ஏறி இறங்கும் பயிற்சியெல்லாம் செய்து, இப்போது சில மாதங்களாகத்தான் மறுபடி வாசிக்கிறார். வில்லை மேலிருந்து தாங்குகிற சுண்டுவிரலில் மட்டும் மரத்த மாதிரி ஒரு உணர்வு பாக்கி. இதற்குள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த குழுக்கள் வேறு ஆட்களைப் பார்த்துக்கொண்டன. யாரும் கூப்பிடவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, வில்லுக்கு மட்டும் தினமும் பிசின் தேய்த்து வைப்பார்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. டீச்சரிடம் ஆன்லைனில் கற்றுக்கொண்ட பையன் ஒருவன், இன்று ஒரு முழுநீளப் படத்துக்கு இசையமைக்கிறான். "மேடம், நீங்க எனக்கு கிளாஸ் எடுக்கறப்ப பின்னாடி யாரோ வயலின் வாசிப்பாங்களே, அது யாரு? ரெண்டு வருஷமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு." படத்தின் தலைப்பு வரும் இடத்தில் ஒரு நிமிஷத்துக்குத் தனி வயலின் வேண்டுமாம். பின்னணியில் செல்லோ என்கிற பெரிய வயலினும் மற்றதும் தயார். ஞாயிறு மாலைக்குள் அவன் கைக்கு வந்துவிட வேண்டும், அன்றைக்கே படத்தின் இசையை முடித்துக் கொடுக்கிறான். "வரலேன்னா வேற வழியில்ல மேடம், கீபோர்டுல இருக்கற வயலினை வச்சே ஒப்பேத்திடுவேன்."

விஷயத்தைச் சொன்னபோது மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை. "தனியாவா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "தனியாவா?" என்றார். அன்று சாப்பாட்டில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. மூன்று பேரும் தயிரை ஊற்றிச் சமாளித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெத்தை நின்றது, கம்பளி தொங்கியது, ஃபிரிட்ஜ் அடங்கியது. கணவனை மாடிப்படிக்கு அனுப்பினாள். "ஏங்க, யார் வந்தாலும் மேல விடாதீங்க. பெல்லை அழுத்த வந்தா கையைப் பிடிச்சுக்குங்க."

"கடவுளே வந்தா?"

"செருப்பைக் கழட்டிட்டுச் சத்தம் போடாம உக்காரச் சொல்லுங்க."

மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். இது ரெக்கார்டிங், யாரும் பார்க்கப்போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். ஹெட்ஃபோனை மாட்டியதும் அவர் குழு ரெக்கார்டிங்குகளில் பழகியபடி ஒரு காதை விலக்கி, இன்னொரு காதோடு மட்டும் வைத்துக்கொண்டார். டீச்சருக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். எழுந்து போய் இரண்டு காதையும் மூடி அழுத்தினாள். "ஒரு காது திறந்திருந்தா கிளிக் சத்தம் மைக்ல விழும் அத்தை." கம்ப்யூட்டர் தாளம் தட்டிக்கொடுக்கும் அந்த டிக் டிக் சத்தம் வயலினோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. நியாயமான பேச்சுதான்.  சொந்த வீட்டில் அவர் முதன்முறையாக மருமகளின் மாணவி ஆகியிருந்தார், அந்த மரியாதையோடு நின்றார்.

முதல் முறை வாசித்தார். தொனி அப்படியே அறையை நிறைத்தது.  இந்த மனுஷியை இத்தனை வருஷம் இரண்டாவது வரிசையில் உட்கார்த்தி வைத்தவன் யார் என்று டீச்சருக்கு யாரையோ பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் திரையைப் பார்த்தால் ஒவ்வொரு சுரமும் தாளக் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே விழுந்திருந்தது. போட்டுக் கேட்டார்கள். அவசரப்படுகிற மாதிரி, யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருந்தது.

இன்னொரு முறை. அதேதான். இன்னும் ஒரு முறை. இம்முறை மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார், அதனால் தொனியும் கெட்டது, தாளமும் சரியாகவில்லை.

"கை முந்துது" என்றார் மாமியார்.

"லேசாத்தான் அத்தை."

"லேசா முந்தறதுக்குப் பேருதான்மா முந்தறது." வில்லைத் தாழ்த்தி, வலது சுண்டுவிரலை மற்ற கையால் பிசைந்துகொண்டார். "நீட்டிப் பிடிக்கத் தெம்பு இல்ல. அதான் ஓடுது. தோள் சரியாயிடுச்சுன்னு நானாத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

டீச்சருக்கும் உள்ளூர அதுதான் பட்டது. பட்டதை முகத்தில் காட்டாமலிருக்கத் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். வழி இருக்கிறது. பதிந்ததை அப்படியே பிடித்து அந்த மயிரிழை அளவுக்குப் பின்னால் இழுத்து வைத்தால் தீர்ந்தது. அந்தப் பையனுக்குத் தெரியாது, படம் பார்ப்பவனுக்குத் தெரியாது. தினமும் யாருக்காவது செய்கிற காரியம்தான். முதல் முறை வாசித்ததை எடுத்து நகர்த்தினாள், ஸ்பீக்கரில் போட்டாள். தாளம் கச்சிதமாக வந்தது.

மாமியார் கண்ணை மூடிக் கேட்டார். "நகத்தி வச்சியா?"

திருடும்போது கையும் களவுமாக அகப்பட்டவள் போல டீச்சர் விழித்தாள்.

"தாளத்துல உக்காந்திருக்கு. ஆனா நான் உக்காரல, நீ உக்காத்தி வச்சிருக்க." குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அந்தத் தம்பிகிட்ட சொல்லிடும்மா. கீபோர்டுலயே வச்சுக்கட்டும். என் பேர்ல உன் கைவேலை வேணாம்."

டீச்சர் வயலின் பதிந்த டிராக்கை மட்டும் ஊமையாக்கினாள், அவர் அதை இன்னொரு தரம் கேட்க வேண்டாமே என்று. பின்னணி இசையை நிறுத்தத் தோன்றவில்லை. அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது. கம்பளியை விலக்கிச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.  போனை எடுத்து அந்தப் பையனுக்கு, 'மன்னிக்கணும், இன்னைக்கு' என்று தட்டிவிட்டு, அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றாள். ஊரெல்லாம் போய் மைக் நட்டுக் கொடுத்தோம், கடைசியில் நம் வீட்டு மனுஷிக்கு ஒரு நிமிஷ வாசிப்பை வாங்கிக் கொடுக்க முடியவில்லை. அழுகை வந்தது. மாடிப்படியிலிருந்து கணவன் கிசுகிசுப்பாக, "முடிஞ்சுதா? நான் தும்மலாமா?" என்றான்.

அப்போதுதான் வயலின் கேட்டது.

அறையில் மாமியார் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். பதிவுக்காக இல்லை, சும்மா. ஹெட்ஃபோனைக் கழுத்தில் இறக்கிவிட்டு, ஸ்பீக்கரில் வரும் செல்லோவோடு அந்த ஒரு நிமிஷத்தை, விடைபெறுகிற மாதிரி வாசித்தார். டீச்சரின் விரல்கள் தன்னையறியாமல் சமையல் மேடையில் தாளம் தட்டின. ஒரு வரி போனது. இரண்டாவது வரி போனது. விரல்கள் அப்படியே நின்றன. முந்தவில்லை. ஒரு இடத்தில்கூட முந்தவில்லை. நீட்ட வேண்டிய சுரத்தை, அடுத்த தட்டு வந்து கதவைத் தட்டும்வரை ஆற அமர நீட்டி, அப்புறம்தான் விட்டார். தெம்பில்லாத கையா இது?

டம்ளர் தொட்டியில் உருண்டது. அவள் ஓடினாள். கம்பளி கிளிப்போடு பிய்த்துக்கொண்டு தலையில் விழுந்தது, அதோடேயே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் விழுந்தாள். அமைப்புகளைத் திறந்தாள். பஃபர். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுடைய மாணவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடமான பாடம் அது, அதற்கு வாளிப் பாடம் என்றே பெயர். கம்ப்யூட்டர் சத்தத்தை வாளி வாளியாக மொண்டு கொண்டுபோகிறது. பெரிய வாளி என்றால் நிதானமாக நிரம்பும், கம்ப்யூட்டருக்குச் சிரமமில்லை, ஆனால் நீங்கள் வாசித்தது ஹெட்ஃபோன் வழியே உங்கள் காதுக்குத் தாமதமாகத்தான் திரும்பி வரும். சின்ன வாளி என்றால் ஓடி ஓடிச் சுமக்க வேண்டும், மூச்சு வாங்கும், ஆனால் வாசித்த கணமே காதில் கேட்கும். எல்லாம் பதிந்து முடித்துக் கலவை செய்யும்போது பெரிய வாளி. ரெக்கார்டிங்குக்குச் சின்ன வாளி. முந்தின நாள் கீபோர்டுக்காரரின் பாட்டைக் கலவை செய்ய இருப்பதிலேயே பெரிய வாளியை எடுத்தவள், திருப்பி வைக்கவில்லை. போதாக்குறைக்கு, திறந்திருந்த அந்த ஒரு காதையும் தன் கையாலேயே அடைத்துவிட்டிருக்கிறாள்.

"அத்தை, உங்க கை இல்ல. நான்." வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. "நீங்க வாசிச்சது உங்க காதுக்கே லேட்டா வந்துருக்கு. காதுல லேட்டாக் கேட்டா கை என்ன பண்ணும்? தாளத்தோட சேரணுமேன்னு முன்னாடி ஓடத்தான் செய்யும். சுமாரா வாசிக்கறவங்களா இருந்தா இவ்வளவு ஒழுங்கா முந்தியிருக்கவே மாட்டாங்க. எல்லாத்துக்கும் காரணம் நான்தான். இங்க பாருங்க, இதை மாத்தாம விட்டுட்டேன்."

மாமியார் வில்லோடு அப்படியே நின்றார். திரையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், அவள் தலையில் கிடந்த கம்பளியைப் பார்த்தார்.

"பெரிய வாளியா?" என்றார்.

டீச்சர் வாயைப் பிளந்தாள்.

"மிக்ஸிங்குக்குப் பெரிய வாளி, ரெக்கார்டிங்குக்குச் சின்ன வாளி. அந்த டிரம்பெட்காரருக்கு எத்தனை வாட்டி சொன்ன! மனுஷனுக்கு ஏறவே இல்ல. அந்தப்பக்கம் உக்காந்திருந்த எனக்கே எழுந்து வந்து அவர் மண்டையில ஒண்ணு போடலாம்னு இருந்துச்சு."

"அத்தை... எல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"செவுரா அது? பலகை. நீ வேற என்ன மெதுவாவா பேசற?" சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் நடுவில் உடைந்தது. சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் அவருக்கே போய்ச் சேர்ந்தது போல. "அப்ப கை இல்லையா? நெஜமாவே என் கை இல்லையா?"

"இல்ல அத்தை. சத்தியமா இல்ல."

மாமியார் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். வில் நுனி மெத்தையில் இடித்தது. சின்னப் பெண் போலச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை. டீச்சரும் சிரித்தாள், அழுதாள், எது எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாமல் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான் அது வலது தோள் என்று நினைவு வந்து வெடுக்கென்று கையை எடுத்தாள். "வலிக்கல, வலிக்கல" என்றார் அவர்.

போன் அடித்தது. அந்தப் பையன். "மேடம், ரெடிங்களா? இங்க எல்லாரும் என் கழுத்துல கத்தி வச்சிட்டிருக்காங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா. கீபோர்டுல கை வச்ச, அப்புறம் உனக்கு நான் டீச்சரே இல்ல!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

அப்புறம் எல்லாம் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட வேகம். சின்ன வாளி. கம்பளி மறுபடி கதவில். ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினாள், மாமியார் மாட்டிக்கொண்டார், ஒரு காதை விலக்கிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தாள்.

"கிளிக் விழுமேன்னு பாக்கறியா? கிளிக்கை நிறுத்திடு" என்றார் மாமியார். "அந்தத் தம்பி போட்டிருக்கற செல்லோ நடை எனக்குப் போதும். இத்தனை வருஷம் பக்கத்துல இருக்கறவங்களக் கேட்டுத்தானே வாசிச்சேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. நான்கு தட்டு செல்லோ. வில் இறங்கியது.

படிக்கட்டில் என்ன நடந்ததென்று பிற்பாடு கணவன் நடித்தே காட்டினான். தண்ணீர் கேன் போடுபவர் தோளில் கேனோடு ஏறி வந்திருக்கிறார். இவன் உதட்டில் விரல் வைத்து நிறுத்தியிருக்கிறான். கேனை இறக்கினால் சத்தம் வருமே என்று அவர் இறக்கவும் இல்லை. என்னவென்று தெரியாமலே, கம்பளியைத் தாண்டிக் கசிந்து வந்ததைக் கேட்டுக்கொண்டு, பாரத்தோடு ஒரே படியில் அப்படியே நின்றிருக்கிறார்.

உள்ளே டீச்சர் திரையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. முதல் சுரம் தாளத்தின் மேல் வந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, உட்கார்த்தி வைக்கப்பட்டது அல்ல, தானாக வந்து, இது என் இடம் என்று உட்கார்ந்தது. முப்பது பேருக்குள் தெரியாமல் இருக்கப் பழகிய ஒரு குரல் மெல்ல வெளியே வந்தது, முதலில் கூச்சத்தோடு, பிறகு கூச்சமே இல்லாமல். நீட்டும் இடத்தில் நீட்டியது. நிற்க வேண்டிய இடத்தில், செல்லோவைப் போகவிட்டு, பின்னால் சாவகாசமாக வந்தது. கடைசிச் சுரம் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வந்து நின்றது. வில் தந்தியிலிருந்து எழுந்து காற்றில் நின்றது. ஒருவரும் அசையவில்லை. பதிவை நிறுத்த வேண்டும் என்பதே டீச்சருக்கு மறந்துபோனது, வெறும் அறையின் அமைதி மட்டும் கொஞ்ச நேரம் பதிந்துகொண்டிருந்தது.

"தும்மிக்கோங்க!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். கணவன் தும்மினான், கேன் தொம்மென்று இறங்கியது.

அனுப்பினாள். திரையின் மூலையில் நீலக் கோடு மெதுவாக நிரம்பத் தொடங்கியது. டீச்சர் அதையே முறைத்துக்கொண்டு, முறைத்தால் சீக்கிரம் போகும் என்பது போல் நாற்காலி நுனியில் இருந்தாள். அந்தப் பையனுக்குப் பிடிக்குமா, இடத்துக்குச் சேருமா, நேரத்துக்குப் போய்ச் சேருமா, எதுவும் தெரியாது. மாமியார் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை.

"அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார். "இன்னொண்ணு எடுக்கலாமா?"

"அதான் நல்லா வந்துடுச்சே அத்தை!"

"அது அந்தத் தம்பிக்கு. இது எனக்கு. அன்னிக்கு உன் கிளாஸ்ல அவனுக்குக் கேட்டுச்சாமே, செவுத்துக்கு அந்தப்பக்கம், அது." வயலினைத் தோளில் பொருத்திக்கொண்டார். "புது டிராக் ஒண்ணு போடு. பேரு வை, பேரு வைக்காம விட்டா அப்புறம் தேடிட்டு நிக்கணும்னு நீதானே எல்லாரையும் திட்டுவ."

டீச்சர் புது டிராக் போட்டாள். 'அத்தை' என்று பேர் வைத்தாள். ரெக்கார்டு பொத்தானுக்குக் கையை நீட்டினாள்.

"இரு" என்றார் மாமியார்.

வயலின் தாடைக்கடியில், வில் வலது கையில். அப்படியே ஒரு அடி முன்னால் வந்து குனிந்தார். வில்லைப் பிடித்த கையிலிருந்து சுண்டுவிரல் மட்டும் தனியாகப் பிரிந்து, கம்ப்யூட்டரின் விசைப்பலகைக்கு மேல் ஒரு கணம் நின்று, சரியாக ரெக்கார்டுக்கான எழுத்தின் மேல் இறங்கியது.

சிவப்பு விளக்கு எரிந்தது. டீச்சரின் நீட்டிய கை காற்றிலேயே நின்றது.